வாய்க்கால் கரையில் இரண்டு இலை

இன்று காலை எங்கள் வீட்டு அடுப்படியிலிருந்து மீன் வறுக்கும் வாசனை வந்தது. புரட்டாசி இன்னும் முடியவில்லை, அதனால் அது மீன் இல்லை. என் மனைவி வாழைக்காயை வில்லை வில்லையாகச் சீவி, மீனுக்குத் தடவும் மசாலாவைத் தடவித் தோசைக்கல்லில் போட்டிருந்தாள். திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் இந்த மாதம் முழுக்க இப்படித்தான். பெருமாளுக்குப் பயந்து மீனை விட்டுவிடுவோம், நாக்குக்குப் பயந்து வாழைக்காயை மீனாக்கிக்கொள்வோம். "மீன வுட்டுட்டீங்க, மசாலாவ வுட மாட்டேங்கிறீங்களே மச்சான், இது என்னா வெரதம்?" என்று நீ ஒருமுறை கேட்டாய்.

நீ போன பிறகு வரும் முதல் புரட்டாசி இது. ஆனியில் போனாய். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு உடம்பு கூசியது. பதினோரு வருடமாக ஒவ்வொரு புரட்டாசியிலும் கூசுகிறது. நீ இருந்தவரை, என்றாவது ஒருநாள் உன்னிடம் சொல்லிவிடலாம் என்று ஒத்திப்போட முடிந்தது. இப்போது அந்த வசதியும் போய்விட்டது.

நாம் சேர்ந்து வேலை பார்த்தது பதின்மூன்று வருடம். செல்போன் டவர்களின் அடியில் இருக்கும் பேட்டரியையும் ஜெனரேட்டரையும் பார்த்துக்கொள்கிற வேலை. சிதம்பரம் ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு உன் பைக்கில் கிளம்பினால், கிள்ளை, பரங்கிப்பேட்டை, சேத்தியாத்தோப்பு என்று சுற்றிவிட்டு மாலையில் திரும்புவோம். இருவருக்கும் ஒரே பதவி, ஒரே சம்பளம், ஒரே நீலச் சட்டை. சொல்லப்போனால் வேலையில் நீதான் கெட்டிக்காரன். ஜெனரேட்டர் சத்தத்தை வாசலில் நின்று கேட்டே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவாய். நான் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, நீ சொன்னதையே நோட்டில் எழுதுவேன்.

நீ கிள்ளைப் பக்கத்து மீனவக் குடும்பம். நான் சேத்தியாத்தோப்புப் பக்கத்து விவசாயக் குடும்பம், கல்யாணத்துக்குப் பிறகு திருப்பாதிரிப்புலியூரில் மாமனார் வீட்டோடு வந்து சேர்ந்தவன். முதல் வாரத்திலேயே நீ என்னை "மச்சான்" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாய். முறையெல்லாம் யார் கேட்டார்கள்? எனக்கும் அது பிடித்திருந்தது.

அந்த நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. புரட்டாசியில் பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும் என்பார்களே, அதில் முந்தின நாள் மண்ணுருகப் பெய்து முடித்து, அன்றைக்குப் பொன்னுருகக் காய்ந்துகொண்டிருந்தது. கிள்ளைக்கு முன்னால் வயலுக்கு நடுவில் இருக்கிற டவரில் நமக்கு வேலை. பேட்டரிகளைத் துடைத்து வரிசையாக மாட்டி முடிக்கும்போது மணி ஒன்றாகிவிட்டது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வெளியே வந்தால் வாய்க்காலில் புதுத் தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் நடவு முடிந்த பச்சை. கரையில் ஒரு புங்கமரம், அதன் நிழலில் காற்று.

அன்று மீன் கொண்டுவரச் சொன்னது நான்தான். இதை முதலில் சொல்லிவிட வேண்டும். நீ ஆசை காட்டவில்லை. மூன்று வாரம் தயிர்ச்சோறும் வாழைக்காயும் தின்று நாக்கு செத்துப்போன நான்தான், முந்தின நாள் மாலை பைக்கில் உன் முதுகுக்குப் பின்னால் இருந்துகொண்டு, "நாளைக்கு எனக்கும் சேத்துக் கொண்டாடா" என்றேன். நீ வண்டியை ஓரம் கட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தாய்.

"நெஜமாவா? புரட்டாசி மச்சான்."

"தெரியும்டா."

"ஒங்க மாமனாருக்குத் தெரிஞ்சா?"

"அவருக்கு எப்பிடித் தெரியும்? நீ போயி சொல்லப்போறியா?"

"நான் ஏன் சொல்றேன்? பாவம் பாதி பாதி போட்டுக்கலாம்," என்று சொல்லி வண்டியை எடுத்தாய்.

மறுநாள் உன் மனைவி நாலு மணிக்கே எழுந்து, தன் அண்ணன் கொண்டுவந்த மடவை மீனை வாங்கிக் குழம்பு வைத்து அனுப்பியிருந்தாள். கூடவே இறால் தொக்கு. நீ பக்கத்துக் கொல்லையில் கேட்டு ஒரு வாழை இலை அறுத்து வந்தாய். அதை இரண்டாக்கி, நுனிப் பாகத்தை என் முன்னால் போட்டாய். விருந்தாளிக்கு நுனி இலை. அடிப்பாகத்தை நீ வைத்துக்கொண்டாய். வாய்க்கால் தண்ணீரைத் தெளித்துத் துடைத்து, சோற்றைக் கொட்டி, குழம்பை ஊற்றி, மீன் தலையையும் எனக்கே வைத்தாய்.

அந்தச் சாப்பாட்டைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். புளியும் காரமும் மீனின் கொழுப்புமாக அந்தக் குழம்பு தொண்டையில் இறங்கியதும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். நீ சிரித்தாய். "பெருமாளோட மொத அவதாரமே மீனுதான் மச்சான், படுத்திருக்கிறதும் கடல்ல. நம்ம ஆளுதான் அவரு, ஒண்ணும் சொல்ல மாட்டாரு," என்றாய். "அதனாலதான்டா திங்கக் கூடாதுங்கிறாங்க," என்றேன். உனக்குப் புரையேறும் அளவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காற்று அடித்து இலையைத் தூக்கியபோது அதன் மேல் ஒரு மண்கட்டியை எடுத்து வைத்தாய். இரண்டாம் முறை சோறு வாங்கினேன். வெயில், நிழல், தண்ணீர்ச் சத்தம், வயிறு நிறைய மீன், எதிரே நீ. என் வாழ்நாளில் அவ்வளவு நிம்மதியாக நான் சாப்பிட்டதில்லை. அதற்குப் பிறகும் இல்லை.

அப்போதுதான் ரோட்டில் ஒரு குட்டியானை சரக்கு வண்டி வந்து நின்றது. பின்னால் நாற்றுக்கட்டு அடுக்கியிருந்தது. முன் சீட்டிலிருந்து இறங்கியது என் மாமனார். ஊரில் எங்கள் நிலத்துக்கு நாற்று பற்றாமல், அவரே கிள்ளைப் பக்கம் வந்து வாங்கிக்கொண்டு போகிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. டவர் வாசலில் என் ஹெல்மெட்டைப் பார்த்து வண்டியை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். வெள்ளை வேட்டி, நெற்றியில் நாமம். எங்கள் வீட்டில் புரட்டாசிக்குத் தனி பாத்திரம், தனி அடுப்பு. அந்த மாதம் தாடிகூட எடுக்காதவர், வரப்பின்மேல் செருப்பைக் கையில் பிடித்தபடி நடந்து வந்தார்.

கல்யாணமாகி இரண்டாவது வருடம். அந்த வீட்டில் என் சொல்லுக்கு அப்போதுதான் கொஞ்சம் மரியாதை வந்துகொண்டிருந்தது. இதெல்லாம் காரணமா என்றால், காரணம்தான். நியாயமா என்றால், இல்லை. நான் யோசிக்கக்கூட இல்லை. கையை இலையிலிருந்து எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, ஒரு முழம் நகர்ந்து உட்கார்ந்தேன். என் இலை யாருக்கும் சொந்தமில்லாததுபோல நடுவில் கிடந்தது.

"என்னாய்யா, சாப்பாடா?" என்றார் மாமனார். அவர் கண் இலைமேல் இருந்தது.

"நான் இல்ல மாமா," என்றேன். "இவருதான் சாப்புடுறாரு. நம்ம சைட்டுல டீசல் ஊத்துற ஆளு. நான் சும்மா துணைக்கு உக்காந்திருக்கேன்."

டீசல் ஊற்றுகிற ஆள். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த உன்னை ஒரே வார்த்தையில் அப்படி ஆக்கினேன். மீன் தின்றதை மறைப்பதோடு நிறுத்தியிருக்கலாம். உன்னை ஏன் கீழே இறக்கினேன் என்று பலமுறை கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு மீனவனோடு சரிக்குச் சமமாக உட்கார்ந்து, அவன் வீட்டுச் சோற்றைத் தின்பவன் என்று அவர் நினைத்துவிடக் கூடாது என்ற எண்ணம் எனக்குள் இருந்தது. புரட்டாசி ஒரு சாக்கு. அது ஐப்பசியாக இருந்திருந்தாலும் நான் அதையேதான் சொல்லியிருப்பேன்.

நீ என் முகத்தைப் பார்த்தாய். ஒரு நொடிதான். பிறகு என் இலையை, நான் பிசைந்து பாதி தின்று வைத்திருந்த எச்சில் இலையை, இரண்டு கையாலும் உன் பக்கம் இழுத்துக்கொண்டாய்.

"ரெண்டும் எனக்குத்தாங்கய்யா. எனக்குப் பசி கொஞ்சம் ஜாஸ்தி," என்று அவரைப் பார்த்துச் சிரித்தாய். "சாரு வெரதம்ங்க. இந்தக் கவிச்சி நாத்தத்தையும் பொறுத்துக்கிட்டு ஒக்காந்திருக்காரு, பாவம்."

அதைச் சொல்லிவிட்டு, என் எச்சில் சோற்றை உருட்டி உன் வாயில் போட்டாய். உன் மனைவி வைத்த குழம்பை நாற்றம் என்று உன் வாயாலேயே சொன்னாய். என்னை சார் என்றாய். இதில் எது என்னை அதிகமாகச் சுடுகிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மாமனார் வரும் வழியில் சிதம்பரத்தில் பெருமாளைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். மடியிலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்துக் கொஞ்சம் துளசியை என்னிடம் நீட்டினார். என் வலது கை முழுக்கக் குழம்பு. இடது கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். அவர் சற்று நின்றார். உன்னைப் பார்த்து, "நல்லா சாப்புடுப்பா," என்றார். பிறகு வரப்பில் திரும்பி நடந்தார்.

வண்டி கிளம்பும் சத்தம் கேட்டதும், "போதும்டா, போயிட்டாரு. அத வுட்டுடு," என்றேன். நீ நிமிரவில்லை. "சோத்த வீணாக்கக் கூடாது மச்சான். நாலு மணிக்கு எழுந்து பண்ணுனா," என்றாய். மறுபடியும் மச்சான். என் இலையில் கடைசிப் பருக்கை வரைக்கும் வழித்துத் தின்றாய். பிறகுதான் உன் இலைக்கு வந்தாய். நான் வாய்க்காலில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தேன். எனக்காக எடுத்து வைத்த இறால் தொக்கு தூக்குவாளியில் அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு நீ ஒரு வார்த்தை அதைப் பற்றிப் பேசவில்லை. மறுநாளும் மச்சான்தான், கிண்டல்தான். ஆனால் அடுத்த வருடப் புரட்டாசியில் நீ எலுமிச்சம்பழச் சோறு கொண்டுவந்தாய். "கடலு சரியில்ல மச்சான், மீனு வரல," என்றாய். அன்று கிள்ளை மார்க்கெட்டில் கூடை கூடையாக மீன் இருந்ததை நாம் இருவரும்தான் பார்த்துக்கொண்டு வந்தோம். அதற்கடுத்த வருடமும் எலுமிச்சம்பழச் சோறு. என் விரதத்தை எனக்காக நீ பிடித்தாய்.

ஒரே ஒருமுறை வாயைத் திறந்தேன். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில், மழைக்கு ஒதுங்கி நின்றபோது, "அன்னிக்கு கிள்ளையில..." என்று ஆரம்பித்தேன். நீ டீயை ஊதிக்கொண்டே, "என்னிக்கு?" என்றாய். எனக்கு அது போதுமாக இருந்தது. உனக்கு ஞாபகம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பஜ்ஜிக்குச் சட்னி கேட்டேன்.

எத்தனை நாள் மழையில் என்னைத் திருப்பாதிரிப்புலியூர் வரை கொண்டுவந்து விட்டிருப்பாய்! அவ்வளவு தூரம் வண்டி ஓட்டி வந்தவனை நான் ஒருநாளும் உள்ளே கூப்பிட்டதில்லை. டம்ளரில் காபி கொண்டுவந்து கேட்டுக்கு வெளியே கொடுப்பேன். நீ பைக்கில் உட்கார்ந்தபடியே குடித்துவிட்டு, டம்ளரை மழைத்தண்ணீரில் அலசித் திருப்பிக் கொடுப்பாய். "உள்ள வரச் சொல்லக் கூடாதா?" என்று என் மனைவி கேட்பாள். "அவனுக்கு அவசரம்," என்பேன். மாமா இருக்கிறாரே, அவருக்குப் பிடிக்காதே என்று மனதுக்குள் ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன். நீயும் உள்ளே வரப் பார்த்ததில்லை. உனக்கு ஞாபகம் இருந்தது.

ஆனியில் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே நீ போய்விட்டாய். பதினாறாம் நாள் காரியத்துக்கு உன் வீட்டுக்கு வந்திருந்தேன். பந்தலில் சாப்பிட உட்கார்ந்தபோது உன் மனைவியே வந்து பரிமாறினாள். அழுது அழுது குரல் கம்மிப்போயிருந்தது.

"ஒங்களுக்கு நான் ஒரு தடவதான் ஆக்கிக் குடுத்தேன் அண்ணே. மடவ மீனு. ஞாபகம் இருக்கா?"

நான் தலையாட்டினேன்.

"அன்னிக்கு வந்து என்னா சொன்னாரு தெரியுமா? மச்சான் இலையில ஒரு பருக்க மிச்சம் இல்லடீன்னாரு. அவ்ளோ சந்தோசம் அவருக்கு. மறுபடியும் ஆக்கித் தரேன், கூட்டியாங்கன்னு எத்தினியோ வாட்டி சொன்னேன். மச்சானுக்கு வேல ஜாஸ்திம்பாரு."

என் இலையில் ஒரு பருக்கை மிச்சம் இல்லைதான். நீ பொய் சொல்லவில்லை. யார் தின்றது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டிருக்கிறாய். உன் வீட்டிலும் என் மானத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறாய். அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நான், "ஆமாம்மா, ரொம்ப நல்லா இருந்துச்சு," என்றேன்.

இன்று மதியம் அந்த வாழைக்காய் வறுவலோடு மாமனாரும் நானும் சாப்பிட உட்கார்ந்தோம். அவருக்கு இப்போது வயது எண்பதை நெருங்குகிறது. காது கொஞ்சம் மந்தம், மற்றபடி திடம். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

"மாமா, ரொம்ப வருசம் முன்னாடி கிள்ளையில நாத்து ஏத்திக்கிட்டு வந்தீங்களே, அன்னிக்கு வாய்க்கா கரையில கெடந்த அந்த நுனி இல என்னுது. நான்தான் மீனு தின்னேன்."

அவர் மென்றுகொண்டே, "தெரியும்யா," என்றார்.

"எப்பிடி மாமா?" என்றேன்.

"பெருமாளு துளசிய எடது கையில வாங்குவானா ஒருத்தன்? வாங்குனியே. அப்பவே தெரியும்." தண்ணீரைக் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். "மீனு தின்னதுக்கு ஒன்மேல எனக்குக் கோவம்தான். ஒரு வாரம் மூஞ்சி குடுத்துப் பேசாம இருந்திருப்பேன். வேற என்னா பண்ணியிருப்பேன்? ஆனா அந்தப் புள்ள ஒன் எச்சி எலைய இழுத்துத் தின்னுச்சு பாரு, அது எனக்கு மறக்கல. கூடப் பொறந்தவன்கூட அப்பிடிச் செய்ய மாட்டான். அது பேரு என்னா?"

உன் பெயரைச் சொன்னேன். அந்த வீட்டுக்குள் நான் உன் பெயரைச் சொன்னது அதுதான் முதல் முறை. இத்தனை வருடமும் நீ அங்கே "ஆபீஸ்ல கூட இருக்கிறவன்".

"புரட்டாசி முடியட்டும், ஒரு நாளைக்குக் கூட்டியா. மீனாவே ஆக்கச் சொல்லி, எல போட்டுச் சாப்புட வைப்போம்," என்றார்.

"அவன் இல்ல மாமா. ஆனியிலயே போயிட்டான்."

அவர் கை இலையிலேயே நின்றுவிட்டது. எங்கள் பக்கம் சாவுச் செய்தி கேட்டால் அதற்குமேல் சாப்பிட மாட்டார்கள். அவர் இலையை மூடினார். எழுந்திருக்கவில்லை. மூடிய இலையின் மேல் கையை வைத்தபடியே கேட்டார்.

"இத்தினி வருசமா ஏன் ஒரு நாளும் வூட்டுக்குக் கூட்டியாரல?"

"ஒங்களுக்குப் புடிக்காதுன்னு..."

"நானா சொன்னேன்?"

இல்லை. யோசித்துப் பார்த்துவிட்டேன், மச்சான். மதியத்திலிருந்து இந்த நேரம் வரை ஒவ்வொரு வருடமாக யோசித்துப் பார்த்துவிட்டேன். அவர் ஒருநாளும் சொல்லவில்லை. அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு, பதின்மூன்று வருடமும் உன்னை வாசலிலேயே நிறுத்தி வைத்தது நான்தான்.